அத்தை வீட்டு ஃபேன்

1

இந்தக் கதை ஓர் ஒட்டடைக்கம்பிலிருந்து பிறந்தது. வேறு நல்ல இடத்தில் பிறந்ததாகச் சொல்லத்தான் சித்ரலேகா ஆசைப்பட்டாள். ஆறு, கோபுரம், மழை என்று மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தாள். மூன்றிலும் தாத்தாவைக் காணோம். (எழுதுகிறவளும் சித்ரலேகாதான். 'நான்' என்று போட்டால் தாத்தாவை மறைத்துக்கொண்டு அவளே முன்னால் நிற்கிறாள். அதனால் 'அவள்'.)

தாத்தா மின்வாரியத்தில் லைன்மேன். போன ஆண்டு இறந்துபோனார். தலைத்திவசத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுக்க வேண்டும் என்பது அப்பா குமரகுருபரனின் முடிவு. மாலை வகுப்பில் கதை எழுதப் பழகுகிற ஒரே குற்றத்துக்காக அந்த வேலை இவள் தலையில் விழுந்தது.

2

'கடமை தவறாத தந்தையாகவும் பாசமிகு தாத்தாவாகவும் வாழ்ந்த அன்னார்—'

வேண்டாம். இது எந்தத் தாத்தாவுக்கும் பொருந்தும்.

'புயலிலும் கம்பத்தில் ஏறத் தயங்காத—'

பொய். மழையில் ஏறுகிறவனைத் தாத்தா வாய்க்கு வந்தபடி திட்டுவார்.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்னட்டி, அன்னாரை அடிச்சிட்ட? அதுதான மரியாதை."

"அன்னார்னா யாருன்னே தெரியலப்பா."

"எங்கப்பாதான். வேற யாரு?"

"அப்போ அவரைப் பத்திச் சொல்லுங்க."

"நல்ல மனுசன்."

"வேற?"

"ரொம்ப நல்ல மனுசன். எழுதிக்கோ."

2 (மறுபடியும்)

வாழ்க்கை, வேலை, பொழுதுபோக்கு என்று தலைப்புப் போட்டுக்கொண்டாள். முதல் இரண்டும் அரைப்பக்கத்தில் தீர்ந்துவிட்டன: விடிந்ததும் குறுக்குத்துறை ஆற்றில் குளியல், பிறகு கம்பம், கம்பி, பியூஸ். பொழுதுபோக்கு ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வீட்டு மிக்ஸியாவது கூடத்தின் நடுவில் குடல் சரிந்து கிடக்கும். ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையத் திருகாணிகள். அதைத் தொட்டால் பேத்தி என்றும் பார்க்கமாட்டார்.

இதற்கு மேல் ஓடாததால், திருச்செந்தூர் வண்டியில் ஏறி ஆழ்வார்திருநகரிக்குப் போனாள். அங்கே அப்பாவின் அக்கா, நீலாம்பாள் அத்தை.

கூடத்தில் ஃபேன் சுவிட்சைப் போட்டாள். ஃபேன் முனகியது, சுற்றவில்லை. அத்தை மூலையிலிருந்த ஒட்டடைக்கம்பை எடுத்து இறக்கையில் ஒரு தள்ளு தள்ளினாள். சுற்றியது.

"எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போன சொத்து," என்றாள். "மாசந் தவறாம வருவாரு. காப்பி குடிப்பாரு. ஸ்டூலைப் போட்டு ஏறுவாரு. எறங்கி, 'இன்னும் கொஞ்சம் பாக்கணும், அடுத்த மாசம் வாரேன்'பாரு. என்னையப் பாக்கவா வந்தாரு? ஃபேனைப் பாக்க வந்தாரு. என் மூஞ்சியப் பாத்து, நல்லா இருக்கியாம்மான்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. அதை எழுது உன் புஸ்தகத்துல."

"அப்பா கோவிப்பாங்க அத்தை."

"கோவிக்கட்டும். காலம் பூரா கரண்டுலயே கெடந்தவருக்கு ஒரு ஃபேன் ஓட்டத் தெரியலன்னும் சேத்து எழுது."

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: பெண்ணைக் கொடுத்த வீட்டில் காரணமில்லாமல் போய் உட்காரக்கூடாது என்பது தாத்தாவின் பிடிவாதம். மகளுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுபோனால்கூடத் தட்டை வைத்த கையோடு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார்.)

3

வீடு திரும்பி ஃபேன் கதையைச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம் வந்தது.

"அக்கா எப்பவும் இப்பிடித்தான் கொறை சொல்லுவா. அது கண்டென்சர் போயிருக்கும், அது போனா தள்ளிவிட்டாத்தான் சுத்தும். நம்ம வீட்லயும் போச்சி. நான் பல்லு தேச்சிட்டு வாரதுக்குள்ள எங்கப்பா மாத்திட்டாரு. தெருவுல பாதி வீட்டுக்கு அவருதான் மாத்திக் குடுத்தாரு. அவருக்கா தெரியாது?"

உங்களுக்கு இப்போது தோன்றுவதுதான் சித்ரலேகாவுக்கும் தோன்றியது. கூடவே எரிச்சலும் வந்தது. கதைக்கு இவ்வளவு வசதியாகப் பொருந்துவதை எப்படி நம்புவது? அந்த ஊர் வோல்டேஜ் மோசமாக இருக்கலாம். ஃபேனே மட்டமாக இருக்கலாம். வயதானவரின் கை நடுங்கியிருக்கலாம். ஒருவேளை உண்மைதான் என்றால் இன்னும் எரிச்சல். மகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? மனுஷன் வாயைத் திறந்திருந்தால் இந்தப் பக்கங்களுக்கே வேலையில்லை.

4

முடிவு ஒன்று: எதையும் கிளறாமல் 'அன்னார்' என்று அச்சடிப்பது. அப்பா மகிழ்வார். அத்தை அதே மனக்குறையோடு பந்தியில் உட்காருவாள்.

முடிவு இரண்டு: ஊகத்தை அத்தையிடம் சொல்லிவிடுவது. நாளைக்கு வேறொரு எலக்ட்ரீஷியன் ஏறிப் பார்த்து, "பெரியவர் புதுசு புதுசா மாத்திப் பாத்திருக்காரு, ஒண்ணும் சரியா வரல" என்றால், அத்தை தன் அப்பாவை இரண்டாம் முறை இழப்பாள்.

முடிவு மூன்று: அந்த—

பார்த்துவிடுவதே மேல். கூரையை ஒட்டி ஃபேன் தண்டில் இருக்கும் கிண்ணத்தை இறக்கினால் கண்டென்சர் தெரியும். தொடாத பழசு இருந்தால், மகளைப் பார்க்க வந்த தாத்தா. மாற்றிப் பார்த்த தடம் இருந்தால், ஃபேனைப் பார்க்க வந்த தாத்தா.

5

அடுத்த ஞாயிறு. மெயினை அணைத்துவிட்டுச் சித்ரலேகா ஸ்டூலில் ஏறினாள். அத்தை கீழே பிடித்துக்கொண்டாள்.

"பைய ஏறுட்டி. இது ஒரு காலு ஆடும். அவரும் ஏறுதப்ப ஆட்டிக்கிட்டேதான் ஏறுவாரு."

"அப்பவும் நீங்கதான் பிடிப்பீங்களா?"

"பின்ன? வேற யாரையும் கூப்புடவிடமாட்டாரு. மேல நின்னுக்கிட்டுத் தொணதொணன்னு ஒரே கேள்வி. மாப்ள மருந்து சாப்பிடுதாரா, பிள்ளைக படிக்குதா, ஒனக்கு இடுப்புவலி எப்பிடி இருக்குன்னு. அண்ணாந்து அண்ணாந்து பதில் சொல்லி எனக்குக் கழுத்து வலிச்சிரும். வேலையில கவனம் இருந்தாத்தான ஃபேன் ஓடும்?"

திருப்புளி சித்ரலேகாவின் கையில் அப்படியே நின்றது. அத்தை தான் சொன்னதைத் தானே கேட்டாளா என்று குனிந்து பார்த்தாள். கேட்டதாகத் தெரியவில்லை.

திருகாணி கழன்றது. கிண்ணம் இறங்கியது. உள்ளே இருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அதை இங்கே எழுதப்போவதில்லை. பலமுறை எழுதி அடித்தாயிற்று. எழுதினால் அது கண்டென்சரைப் பற்றிய வரியாக மட்டும் இருக்கிறது.

"என்னட்டி இருக்கு உள்ள?" என்கிறாள் அத்தை, அண்ணாந்து.

சித்ரலேகாவுக்கு வாய் வரவில்லை. அந்த விஷயத்தில் அவள் தாத்தா பேத்திதான். நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள், அத்தைக்குக் கழுத்து வலிக்கும்.