அடுப்பிருந்தால் வீடு

மார்ச் மாதக் குளிரில் கருப்புச் சாயம் உறைந்துபோகும் என்பது வியன்னாவில் உட்கார்ந்து கட்டளை எழுதியவர்களுக்குத் தெரியாது. கார்ப்பரல் பார்த்தோஷுக்குத் தெரியும். அதனால் சாயச் சட்டியை மேல்கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்தபடியே நடப்பார். சட்டியின் கைப்பிடி விலாவில் இடித்து இடித்து அங்கே ஒரு காய்ப்பே விழுந்துவிட்டது.

நவம்பரில் தொடங்கிய வேலை இது. மகாராணிக்குத் தன் நாட்டில் எத்தனை வீடு, எத்தனை ஆண்பிள்ளை என்று தெரிந்தாக வேண்டுமாம். இத்தனை நூற்றாண்டு எந்த ராஜாவுக்கும் தோன்றாத ஆசை. பார்த்தோஷ் ஒவ்வொரு ஊராகப் போய் ஒவ்வொரு வாசலின் மேலும் ஒரு எண் எழுத வேண்டும். லெப்டினன்ட் ரீடல் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வீட்டு ஆண்களின் பெயர், வயது, உயரம், துப்பாக்கி தூக்கத் தேறுவானா மாட்டானா என்று பதிவேட்டில் எழுதுவார். இரண்டாயிரம் வாசல் தாண்டிவிட்டது. இருபத்தேழு வருடம் துப்பாக்கி தூக்கியதில் நோகாத மணிக்கட்டு, இந்தத் தூரிகை பிடித்ததில் நொந்துபோயிற்று.

அதுவும் என்ன வருடம்! இரண்டு அறுவடை மழையில் அழுகிப்போய், பொஹேமியா நாடு முழுக்க ஜனங்கள் தவிட்டோடு மரப்பட்டையை இடித்துக் கலந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். எண் எழுதப் போன இடமெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு முறையிட்டார்கள். பண்ணை வேலைக்கு வாரம் நாலு நாள் கூலியில்லாமல் இழுக்கிறார்கள், விதைத் தானியத்தையும் தின்றுவிட்டோம், மகாராணியிடம் சொல்லுங்கள் ஐயா என்று. மகாராணியும் தானும் தினமும் ஒரே மேஜையில் சாப்பிடுவதாக நினைத்துவிட்டார்களோ என்று பார்த்தோஷுக்கு முதல் மாதம் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிடுவார்.

லோமெட்ஸ் என்ற அந்த ஊரில் முப்பத்தோரு வீடுகள். பதினெட்டு வயதுக்கு மேல் நாற்பதுக்குள் ஒரு ஆண் கிடையாது. ஒருத்தன் உப்பு வாங்கப் போயிருந்தான். ஒருத்தன் மாமியார் சாவுக்குப் போயிருந்தான். நாலு பேர் பாரம் ஏற்றிக்கொண்டு வண்டியோட்டிப் போயிருந்தார்கள். எல்லோரும் காட்டில்தான் இருக்கிறார்கள் என்பது பார்த்தோஷுக்கும் தெரியும், லெப்டினன்டுக்கும் தெரியும். எல்லா ஊரிலும் இதே கதைதான். அதிகாரிகள் போனதும் ஊரிலிருந்து ஏதாவது ஒரு அடையாளம் காட்டுவார்கள். ஓர் ஊரில் வேலியில் வெள்ளைத் துணி காயும், இன்னோர் ஊரில் மாதா கோயில் மணி நேரங்கெட்ட நேரத்தில் அடிக்கும். அதைப் பார்த்தும் கேட்டும் பையன்கள் இறங்கி வருவார்கள். இந்த ஊர் அடையாளம் என்னவென்று பார்த்தோஷ் விசாரிக்கவில்லை. இருமலோடு மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த லெப்டினன்டுக்கும் காட்டில் போய் ஆள் தேடும் உத்தேசம் இல்லை. 'வீட்டில் இல்லை' என்று எழுதிக்கொண்டே போனார்.

காலையில் பார்த்தோஷ் மட்டும் முன்னால் போய், வாசல்களில் சுண்ணக்கட்டியால் குறி போட்டு வந்தார். குளத்தங்கரைக்குக் கீழே, காட்டை ஒட்டினாற்போல் ஒரு பழைய ஆட்டுக்கொட்டகை தனியாக நின்றது. அது கணக்கில் வராது என்று பண்ணைக் கண்காணி முதலிலேயே சொல்லிவிட்டான். திரும்பப் போனவரை ஒரு பெண் வழிமறித்தாள். பெயர் அப்போலேனா. முப்பது வயதிருக்கும். பின்னால் இரண்டு சின்னப் பெண்கள், ஒரே சால்வைக்குள் இருவரும்.

நாலு வருடத்துக்கு முன் அவர்கள் குடிசை தீயில் போனபோது பண்ணைதான் இந்தக் கொட்டகையைக் கொடுத்ததாம். அவளும் அவள் புருஷன் மத்தோஷும் கதவு வைத்து, கூரைக்கு மேல் புகைக்கூண்டு எழுப்பி, அடுப்பும் கட்டிக்கொண்டார்கள். இப்போது கண்காணிக்கு ஆடு அடைக்க இடம் வேண்டுமாம். ஏப்ரலுக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டான். நேற்று மத்தியானம் இரண்டு ஆள் அனுப்பி அடுப்பை மண்வெட்டியால் உடைத்துப் போட்டும் விட்டான். இந்தப் பஞ்சத்தில் தெருவுக்கு வந்தால் பிள்ளைகள் அடுத்த மாதம் இருக்காது. அதை அவள் அழாமல்தான் சொன்னாள்.

"நம்பர் போட்டுட்டா அது மகாராணி வீடு, யாரும் கை வைக்க முடியாதுன்னு சொல்றாங்களே, நெசமாங்க ஐயா?"

எண் போட்ட வீட்டை மாவட்ட அதிகாரியின் எழுத்து இல்லாமல் இடிக்கக் கூடாது, ஆளைக் கிளப்பக் கூடாது என்று கட்டளையில் இருந்தது உண்மைதான். ஏறக்குறைய நிஜம் என்று பார்த்தோஷ் சொன்னார். கூடவே எச்சரித்தார்.

"நம்பர் வந்தா உன் வீட்டுக்காரன் பேரும் ஏட்டுல வரும் தாயி. அப்புறம் என்னைக்கு இருந்தாலும் பட்டாளத்துல கூப்பிடுவாங்க."

"அவரு வண்டி ஓட்டிக்கிட்டுப் போயிருக்காரு."

"இந்த ஊரு வண்டியெல்லாம் இங்கயேதான் நிக்குது. பாரத்தைத் தோள்லயா தூக்கிட்டுப் போனாங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பசியில் வெளுத்த முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்த்தது பார்த்தோஷை ஏதோ செய்தது. அவரும் இந்த மாதிரி ஒரு கொட்டகையில் பிறந்தவர்தான். அவர் அப்பா வீட்டு முற்றத்தில் ஒரு செத்த முயலைப் பார்த்துவிட்டு, பண்ணைக் காட்டில் திருட்டு வேட்டை என்று வேட்டைக் காவலன் போய்ச் சொல்ல, தண்டனையாக மகனான இவரைப் பட்டாளத்துக்குத் தள்ளினார்கள். அப்போது ஏடும் இல்லை, எண்ணும் இல்லை. ஜமீனுக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவன் சிப்பாய். அம்மா எந்த வருடம் செத்தாள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க யாருக்கும் செய்யாததை அவர் அப்போது செய்தார். சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

"தனி வாசல் இருக்கணும், எரியுற அடுப்பு இருக்கணும். அது ரெண்டும் இருந்தா வீடு. இல்லேன்னா கொட்டகை. லெப்டினன்ட் மத்தியானம் கண்காணி வீட்ல சாப்பிடுவாரு. அவரு இங்க வர்றதுக்குள்ள உன் அடுப்பு எரியணும். ஆளு வீட்ல இல்லேன்னா இல்லேன்னு எழுதிக்குவாரு, தேடமாட்டாரு. அவ்வளவுதான்."

அவள் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை. குழந்தைகளை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். உறைந்த களிமண்ணைக் குளத்தங்கரையில் கொத்தி, பக்கத்து வீட்டில் வெந்நீர் கெஞ்சி வாங்கி, கரைத்து, உடைந்த துண்டுகளை ஒட்ட வைத்தாள். அடியில் வைக்கக் கல் போதவில்லை. பார்த்தோஷ் சாயச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு, சரிந்துகிடந்த மதிலிலிருந்து மூன்று பெரிய கற்களைத் தூக்கிவந்து போட்டார். முதுகு பிடித்துக்கொண்டது. ஆனால் மனசு என்னவோ லேசாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு ஒரு வேலையை வேலையாகச் செய்த மாதிரி இருந்தது.

கண்காணி வீட்டில் லெப்டினன்டுக்குப் புளித்த பீரும், பல் உடைக்கும் ரொட்டியும், பேச்சுக்குப் பேச்சு ஒரு பொய்யும் கிடைத்தன. ஊரில் ஆள் பஞ்சம், எல்லோரும் கிழங்கள் என்று கண்காணி விருந்து முடியும்வரை புலம்பினான். ஆட்கள் பட்டாளத்துக்குப் போனால் பண்ணை வயலில் இலவசமாக உழைக்க யாரும் இருக்க மாட்டார்கள். அதுதான் விஷயம். லெப்டினன்ட் இருமிக்கொண்டே சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்து லெப்டினன்டும் கண்காணியும், அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்ட பார்த்தோஷும் குளத்தங்கரை வழியாகத் திரும்பியபோது, கீழே கொட்டகைக் கூரையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. வெள்ளைப் புகை நேராக மேலே போயிற்று. லெப்டினன்ட் நின்றார்.

"அங்க அடுப்பு எரியுதே."

அது ஆட்டுக்கொட்டகை, அங்கே அடுப்பே இல்லை என்று கண்காணி பதறினான். நேற்றுத்தான் உடைத்தோம் என்று அவன் வாயாலேயே வந்துவிட்டது. காலையிலிருந்து இவனிடம் பொய் கேட்டுக் களைத்திருந்த லெப்டினன்டின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"எண்ணைப் போடு பார்த்தோஷ்."

பார்த்தோஷ் கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு ஏறினார். சாயம் வயிற்றுச் சூட்டில் நன்றாக இளகியிருந்தது. அவசரப்படாமல், தூரிகையை நிதானமாக இழுத்து, முப்பத்திரண்டு என்று எழுதினார். அந்தக் குளிர்காலத்தில் அவர் எழுதிய எண்களிலேயே அதுதான் அழகானது. லெப்டினன்ட் இன்னொரு முக்காலியில் உட்கார்ந்து, குடும்பத் தலைவன் மத்தோஷ், வீட்டில் இல்லை, உயரம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தார். அப்போலேனா வாசலில் நின்று முழங்கைவரை மண்ணோடு அழுதாள். கண்காணி காறித் துப்பிவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

உயரத்தில் நின்றதால் பார்த்தோஷ்தான் முதலில் பார்த்தார். காட்டு விளிம்பிலிருந்து ஒருவன் இறங்கினான். பின்னால் மூன்று பேர். அதற்கும் பின்னால் ஒரு கூட்டம். பதினொரு பேர். இரண்டு நாள் பனியில் கிடந்துவிட்டு வீடு திரும்புகிற குஷியில் ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டு, கொட்டகையின் பின்பக்கமாக வந்தார்கள். வாசல் பக்கம் நின்ற குதிரைகளும் ஆட்களும் அங்கிருந்து தெரியாது.

அவர் அப்போலேனாவைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள், புகையைப் பார்த்தாள், பிறகு தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊரின் கடைசி வீடு அது. காட்டிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிகிற வீடும் அதுதான். அதிகாரிகள் போனதும் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டும், புகையைப் பார்த்து இறங்கி வருவோம் என்று ஆண்கள் பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் கண்காணி அடுப்பை உடைத்ததும், இனி நாமே போய்க் கூப்பிட வேண்டியதுதான் என்று அவள் நினைத்திருக்கிறாள். இன்று காலை எண்ணைத் தவிர வேறெதுவும் அவள் நினைப்பில் இல்லை. அந்த நினைப்பை மூட்டிவிட்டவர் முக்காலி மேல் தூரிகையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஒரு சத்தம் போட்டிருக்கலாம். ஓடிப்போங்கடா என்று ஒரே ஒரு சத்தம். வாயைத் திறந்தார். இருபத்தேழு வருடம் கட்டளை வந்தால் மட்டுமே திறந்த வாய் அது. சத்தம் வரவில்லை. அந்த நிமிஷத்தை நினைத்தால் அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வரும், சாகும்வரை வந்தது.

மத்தோஷ் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தான். நெடுநெடுவென்று நல்ல உயரம். தாடியில் பனி ஒட்டியிருந்தது. பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தான்.

"போய்த் தொலைஞ்சானுங்களா?"

அதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். எங்கே ஓடுவது? சத்தம் கேட்டு, லெப்டினன்டோடு வந்த நாலு சிப்பாய்கள் குளத்தங்கரை மேல் வந்து நின்றுவிட்டார்கள். லெப்டினன்ட் அவர்களைப் பார்த்தார். அவர் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. வேலை கூடிப்போன மனுஷனின் அலுப்புத்தான் இருந்தது. 'வீட்டில் இல்லை' என்று எழுதியதை அடித்தார். அளவுகோலை எடுத்துவரச் சொன்னார்.

பார்த்தோஷ்தான் அளந்தார். பதினொரு பேரையும். தலையை நிமிர்த்து, குதிகாலை ஒட்டி வை, அசையாதே. மத்தோஷின் தலைமேல் கட்டையை வைத்தபோது, கொஞ்சம் முட்டியை மடக்கு என்று காதோரம் முணுமுணுத்தார். உயரம் குறைந்தால் தேறமாட்டான் என்று தள்ளிவிடுவார்கள் என்பது அவனுக்குப் புரியவில்லை. இன்னும் நிமிர்ந்து நின்றான். தேறுவான் என்று எழுதியானது. பெண்சாதி பிள்ளை உள்ளவன் என்று பட்டாளத்துக்கு எடுக்காமல் விடுவதெல்லாம் சொந்த நிலம் உள்ளவனுக்குத்தான். கொட்டகைக்காரனுக்கு இல்லை.

எழுதி முடிந்து லெப்டினன்ட் குதிரை ஏறிய பிறகு அப்போலேனா வந்து பார்த்தோஷின் கையைப் பிடித்தாள். சாயம் இன்னும் காயவில்லை.

"அழிச்சிருங்க ஐயா. ஒரு துணி போட்டுத் தொடைச்சா போயிரும். எனக்கு வீடு வேண்டாம்."

"பேரு ஏட்டுல ஏறிருச்சு தாயி. இதை அழிச்சா வீடுதான் போகும். அவன் பேரு போகாது."

அவள் கையை விட்டாள். அவரைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. இதற்குள் மேலே ஊரிலிருந்து மற்ற பெண்டாட்டிகள் இறங்கி வந்திருந்தார்கள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. தங்கள் ஆண்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். கடைசியாகப் போனவள் மட்டும் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். காலையில் வெந்நீர் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரி அவள்.

"நல்லா எரியுது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அடுத்த ஊர். அங்கேயும் தெருவில் ஆண்கள் இல்லை. பார்த்தோஷ் சுண்ணக்கட்டியோடு நடந்தபோது ஒரு கிழவர் கூடவே ஓட்டமும் நடையுமாக வந்தார். தன் மகள் மூன்று பிள்ளைகளோடு மாவு மில்லின் பின்னால் ஒரு சாய்ப்புக் கொட்டகையில் இருக்கிறாளாம். அதற்கும் எண் கிடைக்க என்ன செய்ய வேண்டும், எப்படிச் சொன்னால் வீடென்று ஒத்துக்கொள்வார்கள் என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. நான் நம்பர் எழுதுறவன்."

கிழவர் கொஞ்ச தூரம் வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார். பார்த்தோஷ் முதல் வாசலில் முக்காலியைப் போட்டுச் சட்டியைத் திறந்தார். சாயம் உறைந்திருந்தது. அதை மறுபடியும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, இளகும்வரை அந்த வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.