கப்பலேறிய பாதங்கள்

மல்காராவில் மழை பெய்து பதினான்கு மாதம் ஆகியிருந்த அந்த ஜூலையில், ஊரில் இருநூற்றுப் பதினொரு பேருடைய பாதங்கள் கடலில் போய்க்கொண்டிருந்தன. ஆட்கள் ஊரிலேயேதான் இருந்தார்கள். செம்மறிகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள், பப்பில் பீர் குடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கொட்டாவி விட்டார்கள். ஆனால் அவர்கள் நடந்த இடமெல்லாம் ஈரத் தடம் விழுந்தது; காய்ந்ததும் அதில் உப்புப் பூத்தது. வெரா லின்ட்னர் சமையலறையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், கடைசியில் அந்த உப்பைச் சுரண்டி உருளைக்கிழங்கில் போட்டுப் பார்த்தாள். கடை உப்பைவிடக் கொஞ்சம் கரிப்பு அதிகம், மற்றபடி குறையில்லை என்றாள். மாதம் இருமுறை விமானத்தில் வந்துபோகும் டாக்டர் எல்லோருக்கும் சேற்றுப்புண் களிம்பு எழுதிக் கொடுத்தார். சேறு எப்படியிருக்கும் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்த ஊர் அது.

பென்ஹாலோ கம்பெனி அடிலெய்டில் தொண்ணூறு வருடம் பூட்ஸ் செய்தது. மல்காராவில் கால் வளர்ந்து முடிந்த யாரும் வேறு பூட்ஸைப் போட்டதில்லை. வருடா வருடம் மார்ச்சில் ஓஸ்வால்ட் என்ற அளவுக்காரர் வேனில் வருவார். ஊர் மண்டபத்தில் பழுப்புத் தாளை விரித்து, வருகிறவர்களை அதன்மேல் வெறுங்காலுடன் நிறுத்தி, மண்டியிட்டுப் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைவார். தன் பாதத்தைத் தானே வரைந்து அனுப்பினால் கம்பெனி ஏற்காது. குனிந்தால் பாதம் பரந்துவிடும் என்பது ஓஸ்வால்டின் கட்சி. நிமிர்ந்து நின்று எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும், வரைகிறவர் வேறொருவராக இருக்க வேண்டும். அந்தத் தாளை வைத்து மரத்தில் அதே பாதங்களைச் செதுக்கி, எண் குறித்து, தொழிற்சாலை அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். வயதாக ஆக மனிதர்களுக்கு எலும்பு புடைக்கும், கால் ஆணி விழும். அதற்காக யாரும் புதுக்கட்டை செதுக்குவதில்லை. புடைத்த இடத்தில் ஒரு தோல் துண்டை வைத்து ஆணியடித்துவிடுவார்கள். இப்படி அலமாரியில் இருந்த மரப்பாதங்களும் சொந்தக்காரர்களோடு சேர்ந்து கிழடாகின. மல்காராவில் ஒருவர் பிறந்தநாளை இன்னொருவர் மறப்பார். பூட்ஸ் எண்ணை மறக்கமாட்டார்.

தபால் ஆபீஸை நடத்தி, தபாலும் கொண்டுபோய்க் கொடுக்கும் நோலா டிரெஸைஸின் எண் நானூற்றுப் பதினேழு. பத்தொன்பது வயதில் ஒரு குதிரை அவள் வலது பாதத்தின்மேல் மொத்தமாகச் சாய்ந்தது. ஆஸ்பத்திரியில் தங்களால் ஆனதைச் செய்து அனுப்பிவைத்தார்கள். மிச்சத்தைப் பென்ஹாலோ செய்தது. அவளுடைய மரப்பாதத்தில் மட்டும் பதினோரு அடுக்குத் தோல் இருந்தது. அதில் செய்த பூட்ஸைப் போட்டால் நோலா நேராக நடப்பாள். போடாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். முப்பத்தொன்பது வருடமாக அவள் வேறு செருப்பறியாள். கல்யாணத்துக்கும் பழுப்பு பூட்ஸ்தான். வெறும் பாதத்தை ஓஸ்வால்டைத் தவிர யாருக்கும் காட்டியதில்லை. செத்துப்போன அவள் புருஷன்கூடக் காலுறையோடுதான் பார்த்திருக்கிறான்.

மே மாதம் கம்பெனியிடமிருந்து இருநூற்றுப் பதினொரு கடிதங்கள் வந்தன. எல்லாவற்றையும் முத்திரை குத்திக் கொடுத்தவள் நோலாதான். பூட்ஸ் மாறாது, செய்யும் இடம் மட்டும் இந்தோனேசியாவில் சுரபாயா நகருக்கு மாறுகிறது, உங்கள் பாதங்கள் பத்திரமாகக் கொண்டுசெல்லப்படும் என்று அதில் இருந்தது. கடைசி வரியை அப்போது யாரும் கவனிக்கவில்லை. முதலில் என்ன செய்வதென்றே ஊருக்குத் தெரியவில்லை. கோபப்பட வேண்டும் என்பதுவரை தெரிந்தது, யார் மேல் என்பதில்தான் குழப்பம். கம்பெனி மேலா, சுரபாயா மேலா, ஓய்வு பெற்றுப் போன ஓஸ்வால்ட் மேலா? ஒருத்தர் பூட்ஸைப் புதைத்தார். மறுநாள் வேறு பூட்ஸ் இல்லாததால் தோண்டி எடுத்தார். சிலர் பழைய ஜோடிகளை நெடுஞ்சாலை வேலியில் கம்பிக்குக் கம்பி மாட்டினார்கள். ஜூன் இரண்டாம் வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கூட்டம் கூடியது. பப் நடத்தும் கிளெம் பாஸ்கோ, எழுபத்தொரு வயது, எண் இருநூற்று மூன்று, எழுந்து நின்று, இனி மல்காராவில் ஒரு காலிலும் பென்ஹாலோ ஏறாது என்று தீர்மானம் வாசித்தார். முதலில் கை தூக்கியது நோலா. ரோஷத்தில் தூக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து, இருப்பதில் ஒரே உருப்படியான ஜோடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். வலது அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. இது தேய்ந்து முடிந்தால் தபால் ஆபீஸும் முடிந்தது, நடையும் முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. தூக்கிய கையை இறக்குவது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

பத்தொன்பது நாள் கடலுக்குப் பிறகு மரப்பாதங்கள் சுரபாயாவில் கரையேற, ஈரம் நின்றது. மல்காரா பக்கம் ஜூலையும் ஆகஸ்டும்தான் குளிர்காலம்; அந்தக் கொட்டும் பனியில் ஊர் முழுக்கக் கால் மட்டும் கதகதப்பாக இருந்தது. கிழவர்கள் கம்பளிக் காலுறையைக் கழற்றிப் போட்டார்கள். தபால் ஆபீஸ் திறக்கும் ஒன்பதரைக்கு, அதாவது சுரபாயாவில் காலை ஏழுக்கு, யாரோ கைகளால் பாதங்களைத் தூக்குவதும் துடைப்பதும் தெரிந்தது. கூச்சத்தில் தேவாலயப் பாடகர் குழு இரண்டு முறை பாட்டை நிறுத்த வேண்டிவந்தது. இதைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். உத்தரவாதம் பூட்ஸுக்கு மட்டும், பாதங்களுக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கிளெமின் கால் ஆணிகள் காணாமல்போயின. பெருவிரல் பக்கத்து எலும்புப் புடைப்பும் போயிற்று. அடுத்து இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பதினெட்டு என்று வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஊர் கூடி யோசித்ததில் விஷயம் பிடிபட்டது. சுரபாயாக்காரர்களுக்கு ஆளையும் தெரியாது, ஊரையும் தெரியாது. மரப்பாதங்களில் இருந்த தோல் துண்டுகளைப் பழைய ஒட்டு என்று நினைத்துப் பிடுங்கிச் சுத்தம் செய்கிறார்கள். எழுபது வயது ஆட்களுக்கு முதல் தடவை அளவெடுத்த அன்றைக்கு இருந்த பாதம் வந்துவிட்டது. வலி போனது நல்லதுதான், ஆனால் பூட்ஸெல்லாம் தொளதொளத்தது. பழைய பூட்ஸ் பொருந்தாது, புது பூட்ஸ் வாங்கக் கூடாது. நியாயப்படி கம்பெனியைத் திட்ட வேண்டும். கால் வலியில்லாமல் எழுந்து காலைக்கடன் முடித்த மனிதனுக்குத் திட்ட வாய் வருவதில்லை. கிளெம் பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு நடந்தார். பாதங்கள் இருபத்திரண்டு வயது வேகத்தில் முன்னே போக, முழங்கால்கள் பின்னால் கெஞ்சிக்கொண்டே வந்தன.

பப்பில் ஒரு கரும்பலகை வைத்து, அன்றன்று எந்த எண்வரை சுத்தமாகியிருக்கிறது என்று எழுதினார்கள். நோலா தினமும் மாலை அந்த வழியாகப் போய்ப் பார்த்தாள். முந்நூற்றுத் தொண்ணூறு. நானூற்று நாலு. பதினோரு அடுக்கையும் பிடுங்கினால் தன் பாதம் குதிரைக்கு முன்பு இருந்த பாதமாகுமா, இல்லை, தாங்குவதற்கு ஒன்றுமில்லாத வெறும் நசுங்கலாகுமா? யாரைக் கேட்பது? அவள் முதலில் அளவு கொடுத்தது குதிரை விழுந்த பிறகுதான். அவள் மரப்பாதத்துக்கு அதற்கு முந்தைய ஞாபகம் கிடையாது. புத்திக்கு இது எட்டியது. மனசு கேட்கவில்லை. வெறுங்காலோடு புல்லில் நடப்பதாக மனசு பாட்டுக்கு நினைத்துக்கொண்டது. அதற்காக அவள் வெட்கப்பட்டாள், பயந்தும் போனாள்.

ஆகஸ்ட் இருபதாம் தேதி காலை பதினொன்றேகாலுக்கு அவள் முறை வந்தது. வெரா கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று அடிலெய்டுக்குப் பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கை குதிகாலைத் தூக்கியது. ஒரு கட்டைவிரல் உள்ளங்காலில் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. பிறகு இன்னொரு கை வந்தது. அப்புறம் மூன்றாவது ஒன்று, மோதிரம் போட்டது. நாலைந்து பேர் கூடி ஆலோசிப்பதுபோலப் பாதம் கைமாறிக்கொண்டே இருந்தது. நோலா கல்லாவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வெரா பார்சலின் முடிச்சை இறுக்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் பாதத்தை மெல்லக் கீழே வைத்துவிட்டார்கள். மறுநாள் நானூற்றுப் பதினெட்டின் கணுக்கால் வீக்கம் வடிந்திருந்தது. பதினேழை விட்டுவிட்டு மேலே போய்விட்டார்கள். அன்று பகல் முழுக்க நோலா தபால் பைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாள், தப்பித்ததற்கா, தவறவிட்டதற்கா என்று அவளுக்கே புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து சுரபாயாவிலிருந்து அவள் பெயருக்கே ஒரு உறை வந்தது. உள்ளே மடித்த பழுப்புத் தாள். கூட ஒரு துண்டுச் சீட்டில், கம்பெனி அச்சுக்குக் கீழே கையெழுத்தில், "எண் 417, வலது பாதம். எங்களுக்குப் புரியவில்லை. மன்னிக்கவும். மறுபடி வரைந்து அனுப்பவும். சுலாஸ்த்ரி" என்று இருந்தது. நோலா அதை நாலு தடவை படித்தாள். கடிதம் வந்த மே மாதத்திலிருந்து ஊரே புரியாமல்தான் தவித்துக்கொண்டிருந்தது. கம்பெனி தரப்பில் ஒருத்தராவது அதை ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை.

மதியம் கிளெம் ஓய்வூதியக் கடிதம் வாங்க வந்தார்.

"கிளெம், அந்தக் கதவைச் சாத்து."

"என்னம்மா, தபால் ஆபீஸ்ல கொள்ளையா?"

"ஒரு படம் வரையணும். நானே வரைஞ்சா செல்லாது." சீட்டை நீட்டினாள்.

கிளெம் கண்ணாடியைப் போட்டு, படித்து, கழற்றினார். "முதல்ல கை தூக்குனவ நீ."

"தெரியும்."

"தீர்மானத்த வாசிச்சவன் நான்."

"அதுவும் தெரியும். உன்னை விட்டுட்டு வேற யாரையாவது திருட்டுத்தனமாக் கூப்பிட்டிருந்தா உனக்குக் கோவம் வரும்ல? அதான் உன்னையே கேக்குறேன். மண்டி போடுறியா, மாட்டியா?"

"போட்டா நீதான் தூக்கி விடணும். பாதம் மட்டும்தான் எனக்கு வாலிபம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். காலுறையில் கொஞ்ச நேரம் கை நின்றது. பிறகு அதையும் உருவினாள். மூன்று விரல்கள் ஒன்றாய் ஒட்டி உள்ளே மடங்கியிருந்தன. நடுப்பாதம் இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. கல்லாவைப் பிடித்துக்கொண்டு தாளின்மேல் ஏறி நின்று, எதிர்ச் சுவரில் இருந்த தபால்தலை விலைப்பட்டியலைப் பார்த்தாள். கீழே பென்சில் இன்னும் தாளில் படவில்லை.

"என்ன கிளெம், தூங்கிட்டியா?"

"இதுலயா இத்தனை வருஷம் தபால் கொண்டாந்து குடுத்த?"

"பூட்ஸ்லதான் கொண்டாந்தேன்."

"நான் வேற, என் ஆணி வலிக்குதுன்னு உங்கிட்டயே வந்து புலம்பிருக்கேன்."

"பத்து வருஷமா. வரை."

பென்சில் மெல்லப் பாதத்தைச் சுற்றி வந்தது. முடிந்த பிறகும் கிளெம் எழவில்லை. தன் பூட்ஸை உதறி, திணித்த செய்தித்தாளைப் பிடுங்கிப் போட்டார். இருவரும் அந்த மழமழத்த இளம் பாதங்களைப் பார்த்தார்கள். இருவருக்குமே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"தாள்ல இன்னும் இடம் இருக்கு," என்றார் கிளெம். "என்னையும் வரைஞ்சிரு. புடைப்பு இருந்த எடத்த நான் கைகாட்டுறேன், அதையும் சேத்துப் போடு."

"வலிச்சதய்யா அது."

"வலிச்சுச்சு. ஆனா என்னோடது. இது என்னைக் கேக்காமலே எங்கயோ கெளம்புது."

இதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அடுத்த வெள்ளிக்குள் மண்டபத்தில் வரிசை நின்றது. பாதி ஊர் தன் புடைப்புகளைத் திருப்பிக் கேட்டது. மறுபாதி, இப்போது வந்த பாதமே போதும், அதற்கு அளவாகப் பூட்ஸ் அனுப்பு என்றது. வெரா இடதுக்குப் புதுசும் வலதுக்குப் பழசும் கேட்டாள், காரணம் சொல்லவில்லை. தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அது இன்றைக்கும் ஊர் ஏட்டில் இருக்கிறது.

அக்டோபரில் ஒரு பிற்பகல், நோலா தபால்தலை கிழித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கட்டைவிரல் திரும்பி வந்தது. ஒவ்வொரு அடுக்காகத் தடவி எண்ணியது. பிறகு சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. பன்னிரண்டாவது அடுக்கு. ஓஸ்வால்டுக்குக் கடைசிக் காலத்தில் கண் மங்கியிருந்ததால், ஆறேழு வருடமாக அந்தக் குழி ஆழமாகிக்கொண்டு போனதை அவர் பார்க்கவில்லை. நோலாவும் வலி என்பது வயதோடு வருவது என்று இருந்துவிட்டாள். நாலாவது தட்டில் வலி நின்றது. எதிரே நின்ற ஆளுக்கு அவள் மூன்று தபால்தலை கூடுதலாகக் கொடுத்துவிட்டாள். பாதம் நேராகவில்லை, விரல்கள் பிரியவில்லை. ஆனால் டிசம்பரில் வந்த பூட்ஸில் அவள் நெடுஞ்சாலை வேலிவரை போய்த் திரும்பினாள், நடுவில் எங்கும் உட்காரவில்லை.

சுரபாயாவில் மாலை நாலு மணிக்கு வேலை முடிகிறது. தூசி விழாமலிருக்க மரப்பாதங்களின்மேல் துணி போர்த்திவிட்டுப் போகிறார்கள். மல்காராவில் அது ஆறரை மணி, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைக்கும் கணக்கில் ஏழரை. ஊரில் பலர் இப்போது அதை உணர்வதுகூட இல்லை. பப்பில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். நோலா மட்டும் அந்த நேரத்தில் என்ன வேலையாக இருந்தாலும் உட்கார்ந்து, வலது காலை அசைக்காமல் வைத்துக்கொள்கிறாள். போர்த்துகிறவளுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது அல்லவா?