வெளுத்துப்போன சொற்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. வாஷிங் மெஷினைத் திறந்த அண்ணி "ஐயையோ!" என்று கத்தினாள். தலை துவட்டிக்கொண்டிருந்த சின்னவள் ஓடி வந்தாள். எல்லாத் துணியிலும் வெள்ளை வெள்ளையாகக் காகிதக் கூழ் அப்பியிருந்தது. அவளுடைய வேலைக் கோட்டின் இரண்டு பைகளிலும் அதே கூழ்.

வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் சின்னவள். வயதென்னவோ முப்பத்திரண்டு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க" என்று தினமும் எண்பது பேரிடம் சொல்லி அலுத்துப்போய், மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதக் கிளம்பினாள். கணக்கில் அவளை அசைக்க முடியாது. காலை வாரியது ஆங்கிலச் சொற்கள்தான். போன வருஷம் 'எனர்வேட்' என்ற சொல் வந்தது. எனர்ஜிக்குச் சொந்தக்காரனாக இருக்கும் என்று நம்பிப் பதில் போட்டாள். அதுவோ தெம்பையெல்லாம் உறிஞ்சிவிடுகிற சொல்லாம். இப்படியே எட்டு மதிப்பெண்ணில் இடம் கைநழுவியது.

இந்தத் தடவை மண்டையில் ஏறாமல் முரண்டு பிடித்த நூற்று நாற்பது சொற்களை மட்டும் பொறுக்கி, துண்டுச் சீட்டுகளில் எழுதி, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தாள். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் வருவதற்குள் ஒரு சீட்டு. மூன்று மாத உழைப்பு. தேர்வுக்கு இன்னும் எட்டே நாள்.

"கறையா இருந்துச்சேன்னு எடுத்துப் போட்டேன், சின்னு. பையைத் தடவிப் பார்க்கத் தோணலையே எனக்கு!"

சின்னவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அண்ணிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். அண்ணி தரையில் உட்கார்ந்து, கூழிலிருந்து பிழைத்த துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டில் உலர்த்திக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"இதுல 'டாசி'ன்னு பாதி தெரியுது பாரு. மீதி என்ன?"

"டாசிட்டர்ன்."

"அப்படின்னா?"

"லேசுல வாயைத் திறக்காதவங்க."

"உங்க அண்ணன்னு எழுதியிருக்கலாமே!"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்து, தட்டையும் தரையையும் இவர்கள் முகத்தையும் பார்த்து, "ம்" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சரி, அடுத்தது என்ன இருந்துச்சு? சொல்லு, எழுதிக்கிறேன்" என்று அண்ணி ஒரு நோட்டைத் தேடி எடுத்தாள்.

"அண்ணி, எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல."

"வர்றது வரட்டும், சொல்லு."

தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். 'கேருலஸ்', ஓயாமல் பேசுபவர். 'ஆப்டியூரேட்', எதற்கும் மசியாதவர். 'பிளக்கேட்', கோபத்தைத் தணிப்பது. அண்ணி தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டே, "மெதுவா, மெதுவா" என்றாள். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. துணி மறுபடி அலசி முடிந்தது, அடுப்பில் உலை கொதித்தது, இவர்கள் நிறுத்தவில்லை. மத்தியானம் அண்ணி எண்ணிப் பார்த்தாள்.

"நூத்தி முப்பத்தொண்ணு."

"பொய்!"

"நீயே எண்ணிக்கோ. ஒம்பதுக்கா கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்தே?"

சின்னவள் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துக் கீழே வைத்தது போல இருந்தது.

எட்டாம் நாள், தேர்வு முடிந்து மதிப்பெண் கணினித் திரையிலேயே வந்தது. கண்ணை மூடியிருந்த விரல்களை விலக்கிப் பார்த்தாள். மொழிப் பகுதியில் தேவை நூற்று ஐம்பத்தைந்து. வந்திருந்தது நூற்று ஐம்பத்தொன்பது.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்திலிருந்து போன் போட்டாள்.

"நூத்தி அம்பத்தொம்பது, அண்ணி."

"அது நல்லதா, கெட்டதா? அதைச் சொல்லு முதல்ல!"

"நல்லது அண்ணி. ரொம்ப நல்லது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சின்னவளின் பேருந்து வந்தது, அவள் ஏறவில்லை. பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, போனைக் காதில் வைத்தபடியே அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.