கல்லறை வாசல் அலமாரி

கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே லுத்விக் தன் காரின் பின்கதவைத் திறந்தபோது உள்ளே சிவப்பாக ஒரு குவியல் தெரிந்தது. பிளாஸ்டிக் கூட்டில் மெழுகு ஊற்றி, தகர மூடி போட்ட கல்லறை விளக்குகள்.

"என் தங்கச்சிக்கு முதல் கல்லறைத் திருநாள், மாப்ள. இன்னிக்கு ஊர்லயே அவளோடதுதான் ஜொலிக்கணும்."

"அவளுக்கு இது பிடிக்காது, மச்சான்."

"பின்ன என்ன, இருட்டுல கெடக்கணுமா? புருஷன் கஞ்சப்பயன்னு உன்னைத்தான் பேசுவாங்க."

பேசத்தான் செய்வார்கள். ஸ்லோவேனியாவில் எங்களைப் போன்ற சிற்றூர்களில் ஒரு குடும்பத்தை அதன் வீட்டை வைத்து எடை போடுவதில்லை. நவம்பர் முதல் தேதி அதன் கல்லறையில் எத்தனை விளக்கு எரிகிறது என்பதை வைத்துத்தான். வாசல் அலமாரியிலிருந்து ஒன்று எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். லுத்விக் பின்னாலிருந்து ஏதோ முனகினார்.

என் மனைவி நெவென்கா தலைநகர் லுப்லியானாவில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். ஒரு பொருளின் முழு வாழ்க்கையையும் கணக்கிடுவது அவள் தொழில். எந்த மண்ணிலிருந்து தோண்டினார்கள், எந்த உலையில் உருக்கினார்கள், எந்த லாரியில் வந்தது, யார் கையில் எவ்வளவு காலம் இருந்தது, கடைசியில் எங்கே போய்க் கிடக்கிறது. கடையில் ஒரு துணிப்பையைக் கையில் எடுத்தால், பெண் பார்க்கப் போன வீட்டில் விசாரிப்பதுபோல் அதன் பூர்வீகத்தை விசாரிப்பாள். அவளோடு வாழ்ந்ததில் எனக்கு ஒரு ஜாம் குப்பியைக்கூட அலட்சியமாகப் பார்க்க முடியாமல் போயிற்று. அதற்கும் ஒரு பிறப்பு இருந்தது, பயணம் இருந்தது. அந்தப் பார்வையை அவள் யாருக்கும் போதித்ததில்லை. பக்கத்தில் இருந்தாலே ஒட்டிக்கொள்ளும்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லறைத் தோட்டத்தில் பிளாஸ்டிக் விளக்கைத் தடை செய்யலாமா என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். கண்ணாடி விளக்கு மட்டும்தான் இனி. முதலில் கைதட்டப்போவது நெவென்காதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் எழுந்து, "கண்ணாடிய உருக்க எவ்வளவு நெருப்பு வேணும் தெரியுமா? கனம் வேற, லாரிக்கும் எண்ணெய் கூட. ஒரு தடவ எரிச்சுட்டு வீசுனா பிளாஸ்டிக்கவிட இதுதான் மோசம். திரும்பத் திரும்ப எரியவிட்டாத்தான் கண்ணாடிக்கு நியாயம்," என்றாள்.

"பிளாஸ்டிக்காரன் எவ்வளவு குடுத்தான், டாக்டரம்மா?" என்று கேட்டாள் பூக்கடை ரோமானா. கூடம் சிரித்தது.

"குடுத்தா உனக்கும் பங்கு தர்றேன். முதல்ல கல்லறைக் குப்பைத் தொட்டிய எட்டிப் பாரு, எத்தன கண்ணாடி கெடக்குன்னு."

தடை வரவில்லை. அவளே கல்லறை வாசலில் ஓர் அலமாரி அடித்தாள். எரிந்து முடிந்த கண்ணாடி விளக்குகளைப் பொறுக்கி வந்து, எங்கள் குளியல் தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, புது மெழுகு இட்டு அடுக்கினாள். சனிக்கிழமைகளில் நான் குளிக்க இடமில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எரித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். ஒருவரும் தொடவில்லை. புதிதாக வாங்கி வைப்பதுதான் இங்கே இறந்தவருக்குச் செய்யும் மரியாதை.

"அடுத்தவங்க பொணத்துக்கு எரிஞ்சத எங்கம்மாவுக்கு வைக்கவா?" என்றாள் ரோமானா.

"உங்கம்மா உயிரோட இருந்தப்ப ஊரான் சிகரெட்லதானே தன் சிகரெட்டப் பத்தவச்சுக்கிட்டு இருந்தாங்க?"

ரோமானா சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் எடுக்கவில்லை. நெவென்கா மட்டும் தன் அப்பாவின் கல்லறைக்கு அதிலிருந்து எடுத்து வைத்தாள். நோயில் படுத்த பிறகும், நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தால் கேட்பது ஒன்றுதான்.

"யாராவது எடுத்தாங்களா?"

"இன்னும் இல்ல."

"சரி. மண்ணுலேருந்து கண்ணாடி வர்றதுக்கே நாளாகுது."

வசந்தத்தில் அவள் போன பிறகு நான் கழுவினேன். போன வாரம்தான் அலமாரியை நிரப்பியிருந்தேன். இன்று அதிலிருந்து ஒன்றை ஊர் பார்க்க அவளுக்கு ஏற்றவேண்டும். நான் ஒருவனாவது செய்யாவிட்டால் அந்த யோசனை அவளோடு மண்ணுக்குள் போய்விடும்.

அலமாரி காலியாக இருந்தது.

எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போது ரோமானா எதிரே வந்தாள். கையில் விளிம்பு உடைந்த ஒரு கண்ணாடி விளக்கு. நான் கழுவும்போது என் விரலைக் கிழித்த அதே விளக்கு.

"கடைசி ஒண்ண நான்தான் எடுத்தேன். எங்கம்மாவுக்கு," என்றாள். "அப்பிடிப் பாக்காதே. ஒரு வார்த்த சொன்னியோ, அவ்வளவுதான்."

"மத்ததெல்லாம்?"

"மதியத்துலயே போயிருச்சு. பாதிரியார் வீட்டுச் சமையக்காரி ரெண்டு கையிலயும் தூக்கிட்டுப் போனா. அவளப் போய்க் கேளு."

நான் வெறுங்கையோடு திரும்பினேன். லுத்விக் மார்போடு சிவப்பு விளக்குகளை அணைத்துக்கொண்டு தங்கையின் கல்லறை முன் நின்றிருந்தார்.

"எங்க உன் விளக்கு?"

"ஒண்ணுகூட இல்ல, மச்சான். எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

"எல்லாத்தையுமா?"

அவர் மெல்லத் திரும்பி, தோட்டத்துச் சரிவு முழுக்க எரிந்த விளக்குகளைப் பார்த்தார். எது புதிது, எது வேறொருவருக்கு எரிந்தது என்று அங்கிருந்து சொல்ல முடியாது. வெகுநேரம் பார்த்தார். தீப்பெட்டி அவர் கையில்தான் இருந்தது. வலப்பக்கத்துக் கல்லறையிலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் வெளிச்சம் ஆடி ஆடி அவள் கல்லின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பெயரை வாசிக்க முடிந்தது. லுத்விக் சுமையைப் புல்லில் இறக்கி வைத்துவிட்டு, குனிந்து, கல்லின் மேல் ஒட்டியிருந்த ஈர இலையைச் சட்டைக் கையால் துடைத்தார்.