சூட்டுப்பெட்டியின் ஓய்வு நாள்

சத்தமில்லாமல் கரைய வேண்டிய வாயு குடுவைக்குள் கொப்பளித்துக்கொண்டு வந்தபோதே பொன்னையாவுக்குக் காரியம் கெட்டது தெரிந்துவிட்டது. டாக்டர் ஞானப்பிரகாசம் குழாயின் திருகை மூடினார். நுரை அடங்கும்வரை பார்த்தபடி நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அறுபத்து நாலாம் வருஷத்து விஜயதசமி, காலை பத்து மணி. வெளியே இலங்கை மலையகத்து வட்டவளை மழை தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பொன்னையா எட்டு வருஷமாக உதவியாள். அதற்கு முன்னால் தோட்டத்து ஆலையில் கொழுந்து வாட்டும் மாடியில் நின்றவன். ஈரம் எங்கே ஒளிந்திருக்கும் என்று அவன் விரலுக்குத் தெரியும் என்றுதான் டாக்டர் அவனைக் கேட்டு வாங்கினார். ரசாயனம் படிக்காவிட்டாலும் போரேன் என்ற அந்த வாயுச் சரக்கின் குணத்தை அவன் அறிந்திருந்தான். அது தனியாக நிற்காது. தீப்பிடிக்கும், வெடிக்கும். ஈதர் வகைத் திராவகம் ஒன்றைத் துணைக்குக் கொடுத்தால் அதன் தோளில் சாய்ந்துகொண்டு அடங்கி இருக்கும். அப்படி அடங்கிய பிறகு அதைப் போல நல்ல வேலைக்காரன் கிடையாது. மற்ற மருந்துகள் கண்டதையெல்லாம் கடித்துவைக்கும். இது அமிலத்தை மட்டும் தேடிப் பிடித்து ஆல்கஹோலாக மாற்றிவிட்டு, பக்கத்தில் இருப்பதைத் தொடாமல் விட்டுவிடும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போயிற்று. நுரைத்து, வெளுத்து, கேரம் பலகையில் தூவுகிற போரிக் பவுடராகச் செத்துப்போகும்.

தேயிலை வாசத்துக்குக் காரணமான ஒரு பொருளைக் கையால் செய்து காட்ட வேண்டும் என்பது டாக்டரின் இரண்டு வருஷத்துப் பாடு. அதற்கான அமிலம், கால் கரண்டி அளவு, ஒரு சின்னப் புட்டியில் தயாராக இருந்தது. போரேன் செய்கிற மருந்துதான் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாட்டில் எட்டு மாதம் காத்திருந்து வந்தது ஒரே டின். அதில் மிச்சமிருந்ததைத்தான் இன்று போட்டார்கள். இந்த வேலை கைகூடினால் ஆராய்ச்சிப் பிரிவு மூடப்படாமல் நிலைக்கும், பொன்னையாவின் தற்காலிக வேலை நிரந்தரமாகும், அதற்குக் கடிதம் எழுதித் தருவதாக டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் கடிதம் வெறும் கடிதமா? டில்லியில் பேச்சு நடக்கப்போகிறது, பாதித் தோட்டச் சனத்தை இந்தியாவுக்குக் கப்பலேற்றப்போகிறார்கள் என்று வட்டவளைக் கடைத்தெரு முழுக்க அதே கதை. பொன்னையாவின் பிரஜாவுரிமை மனுவை ஒரு தரம் தள்ளிவிட்டிருந்தார்கள். நிரந்தர வேலைக்குக் கடிதம் இருந்தால் மறுபடி கேட்கலாம் என்று அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் அவன் பேர் இல்லை. லயத்து வரிசை வீட்டில் அவன் இருந்த காம்பரா வேறொருவனுக்குப் போய்விட்டது. கூடத்துக்குப் பின்னாலிருக்கும் ஒற்றை அறைதான் வீடு. வேலை போனால் அறை போகும், அறை போனால் இந்தியா. அங்கே அவனுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.

இத்தனையும் தெரிந்தவன் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

நேற்று ஆயுதபூசை. டாக்டர் கிறிஸ்தவ வேதக்காரர், அவருக்கு அது சாதாரண நாள். குடுவைகளைச் சூட்டுப்பெட்டியில் வைத்துவிடு, விடிய விடியக் காயட்டும் என்று சொல்லிவிட்டு மத்தியானமே போய்விட்டார். பொன்னையா மேசையைத் துடைத்து, படம் வைத்து, தராசுக்கும் திருகாணிச் சாவிகளுக்கும் சந்தனம் வைத்தான். ஆலையில் உருளைக்கும் எஞ்சினுக்கும் பூசை போட்டு வளர்ந்தவனுக்கு, நாளைக்குப் பெரிய வேலை செய்யப்போகிற குடுவையைப் பெட்டிக்குள் அடைத்துப்போட மனசு வரவில்லை. எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தான். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தான். மூன்று கழுத்துக் குடுவை அது. மூன்றும் திறந்திருந்தன. துணியால் துடைத்து மறுபடி உள்ளே வைத்தான். அதோடு விட்டிருந்தாலும் பிழையில்லை, விடிவதற்குள் காய்ந்திருக்கும். சூட்டுப்பெட்டியும் ஓர் ஆயுதம்தானே, வருஷம் முழுக்க வேகிறதே, பூசையன்று எந்த ஆயுதமும் உழைக்கக் கூடாதே என்று சுவிட்சை அணைத்தான். அட பாவி மனுஷா! விடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தவன், கோயிலில் நேரமாகி, டாக்டரின் கார் வளைவில் முனகும்போதுதான் ஓடிவந்து போட்டான். கால் மணி நேரத்தில் கண்ணாடி கைக்குச் சுட்டது, உள்ளே ஒட்டிய ஈரம் போகவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்து நம்பிவிட்டார்.

இப்போது அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

“பொன்னையா, இந்தக் குடுவையை ஆர் கழுவினது?”

வாய் தானாகத் திறந்துகொண்டது. “காளியாயிதானுங்க, ஐயா.”

அதில் பொய் ஒன்றுமில்லை. கூடத்துக் கண்ணாடிகளைக் கழுவுகிறவள் காளியாயிதான். ஆலை உருளையில் வலது கை இரண்டு விரலைக் கொடுத்தவள், புருஷன் இல்லாதவள், அந்தக் கையால் கொழுந்து பறிக்க முடியாது என்றுதான் இந்த வேலை. பிந்திக் கழுவி ஈரத்தோடு உள்ளே வைத்திருப்பாள் என்று டாக்டர் தீர்மானித்துவிட்டார். திட்டவில்லை, கத்தவில்லை. அவளை இனி வர வேண்டாமென்று சொல்லும்படி பெரிய கிளாக்கருக்கு ஒரு வரி எழுதி அனுப்பினார். பொன்னையா பக்கத்தில் நின்று பார்த்தான். தடுக்க ஒரு சொல் போதும். அவன் குனிந்து மேசையைத் துடைத்தான்.

மத்தியானம் காளியாயி தொட்டியடியில் அவனைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும்.

“நேத்துக் காலையிலயே கழுவிக் கவுத்துட்டேனே, அண்ணே. நீங்கதான எடுத்து உள்ள வச்சீங்க. ஐயாகிட்ட அத மட்டும் சொல்லுங்க.”

பார்க்கிறேன் என்றான். அவள் அதை நம்பினாள். தொட்டியில் கிடந்த மிச்சக் கண்ணாடிகளை, இனி வர வேண்டாமென்று சொன்ன பிறகும், மூன்று விரலால் பிடித்துப் பிடித்துக் கழுவத் தொடங்கினாள். அவனுக்கு அங்கே நிற்க முடியவில்லை.

அறையில் சண்முகவடிவு நேற்றைய சுண்டலைச் சூடாக்கி வைத்திருந்தாள். பொன்னையா தட்டைத் தள்ளிவிட்டு எல்லாவற்றையும் பெண்சாதியிடம் கொட்டினான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளும் நல்லவள்தான், காளியாயிக்கு மாதவிலக்குக்குப் பழஞ்சேலைகூடக் கொடுத்தவள். ஆனால் பயம் நல்லவர்களையும் விடாதே.

“வாய மூடிக்கிட்டு இருங்க. அவளுக்கு அண்ணங்காரன் லயத்துல எடமிருக்கு. நமக்கு யாரு இருக்கா?”

நியாயம்தான். அவன் அதைப் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் தொட்டியடியில் கண்ணாடி மோதுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்து நியாயத்தைக் கெடுத்தது. சத்தம் நின்றபோது இன்னும் மோசமாக இருந்தது. எழுந்து நடந்தான். சண்முகவடிவு கையைப் பிடித்தாள், அவன் உதறவில்லை, மெல்ல விடுவித்துக்கொண்டான். கூடத்து வாசல்வரை இரண்டு தரம் போய் இரண்டு தரம் திரும்பினான். செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றிய மூன்றாம் தரம்தான் உள்ளே போனான்.

டாக்டர் மேசையில் அந்த அமிலப் புட்டி இருந்தது. பக்கத்தில் தட்டச்சடித்த ஒரு தாள், மேலே அவன் பேர், வாக்குக் கொடுத்த கடிதம். நேற்றே அடித்துக் கையெழுத்துக்கு வைத்திருக்கிறார். பொன்னையா அதைப் பார்த்துவிட்டான். பார்த்துக்கொண்டே சொன்னான்.

“பெட்டிய நான்தாங்க அணைச்சேன். தண்ணி தெளிச்சதும் நான்தான். ஆயுதத்துக்கு ஒருநா ஓய்வு குடுக்கணும்ங்க... காளியாயி மேல ஒண்ணுமில்லீங்க.”

டாக்டருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. வந்தது களைப்பு.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பொன்னையா. நான் வேலையை ஒருநாள் தள்ளி வைச்சிருப்பன்.”

அவ்வளவுதான். ஒரு நாள்! ஒருவரும் அவனிடம் கேட்கவுமில்லை, அவனும் வாய் திறக்கவில்லை, இரண்டு வருஷத்துப் பாடு போய்விட்டது. டாக்டர் கிளாக்கரைக் கூப்பிட்டு, காளியாயியை நாளைக்கு வரச் சொல்லும்படி சொன்னார். பிறகு அந்தத் தாளை எடுத்தார். கிழிக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். தொப்பியை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

பொன்னையா தனியாக நின்றான். குடுவையின் கழுத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டான், திருநீறு மாதிரி ஒட்டியது. தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சுடுதண்ணீரில் மூன்று தடவை கழுவினான். மூன்று கழுத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சூட்டுப்பெட்டியைத் திறந்து குடுவையை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டான். அலமாரியில் மருந்து டின் காலியாகக் கிடந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. கதவின் தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சூடு வரும்வரை நின்றான்.