புதன்கிழமைச் சம்பளம்

தணிகாசலம் முதலாளி யாருக்கும் பணம் தர மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. அந்தக் கெட்ட பெயர் அவருக்கு வேண்டாம். இன்றைக்குத் தர மாட்டேன் என்றுதான் சொல்வார், அதுவும் தக்க காரணத்தோடு.

தி.நகரில் ரங்கநாதன் தெருக் கூட்டம் வழிந்து வந்து சேரும் ஒரு சந்தில் அவருடைய சேலைக் கடை. அதன் பின்கட்டில் உட்கார்ந்து ஒன்பது வருடம் சேலைக்கு ஃபால்ஸ் அடித்தவள் வேலம்மா. கடைசி மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. ஆடித் தள்ளுபடி முடியட்டும் என்றார் முதலாளி. ஆடி முடிந்தது. முடிந்த கையோடு பின்கட்டை கோடவுன் ஆக்கிவிட்டு, "தையல் வேலைய வெளில குடுத்துட்டேன்மா. உன் பணம் எங்க போவுது?" என்றார். மாதம் பதினோராயிரம், மூன்று மாதத்துக்கு முப்பத்து மூவாயிரம். உண்மைதான், அது எங்கேயும் போகவில்லை. அவர் கல்லாவிலேயே பத்திரமாக இருந்தது.

வேலம்மாவுக்குப் பணத்தைவிடப் பெரிய வேதனை எதிர் வீடு. பெரும்பாக்கம் குடியிருப்பில் அவள் கதவுக்கு நேர் எதிர்க் கதவு அன்வரி பேகத்துடையது. இரண்டு பேரும் சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் ஒரே வரிசைக் குடிசையில் இருந்தவர்கள், வெள்ளத்துக்குப் பிறகு ஒரே லாரியில் சாமான் ஏற்றி வந்தவர்கள். தள்ளுவண்டியில் ஆப்பமும் பாயாவும் விற்கும் அன்வரி, ஒரு சின்னக் கடை பிடிக்க அட்வான்ஸுக்கென்று சேர்த்து வைத்திருந்த பதினெட்டாயிரத்தை, வேலம்மா வீட்டில் உலை வைக்க வழியில்லை என்று தெரிந்ததும் கேட்காமலே கொண்டுவந்து கொடுத்தாள். சம்பளம் வந்ததும் தருகிறேன் என்றாள் வேலம்மா. வரவில்லை. அன்வரி ஒரு நாளும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. வெளியே போகும்போது கதவில் காதை வைத்து, எதிரே அரவம் இல்லை என்று தெரிந்த பிறகே தாழ்ப்பாளை நீக்கும் நிலைமைக்கு வந்துவிட்டாள் வேலம்மா. முப்பது வருடச் சிநேகிதத்தில் திருடி மாதிரி நடப்பது எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் அப்படித்தான் நடந்தது.

கடையில் கணக்கு எழுதும் வைதேகி மாமிதான் தொழிலாளர் ஆபீஸில் மனு கொடுக்கச் சொன்னாள். வேலம்மா கொடுத்தாள். கடைக்கு நோட்டீஸ் வந்ததும் முதலாளி வாயில் தேன் ஒழுகியது. "ஆபீஸு கீபீஸெல்லாம் எதுக்கு வேலம்மா? நல்ல நாளா பாத்து வந்து வாங்கிக்கினு போ."

அந்த நல்ல நாள்தான் பஞ்சாங்கத்திலேயே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் காசு வெளியே போனால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள். சனிக்கிழமை கொடுத்தால் சனி பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவரைப் பார்ப்பதே தரிசனம். திங்கட்கிழமை காஞ்சிபுரத்துக்குக் கொள்முதல். வியாழக்கிழமை மௌன விரதம், ஒரு சீட்டில் 'நாளைக்கு' என்று எழுதிக் காட்டுவார். நாளைக்கு வெள்ளிக்கிழமை! அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. மனுஷன் எல்லாவற்றையும் மெய்யாகவே நம்பினார். ஆனால் வாங்குவதற்கு மட்டும் அவருக்கு ஆகாத நாள் என்று ஒன்று இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

மிஞ்சியது புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லி வைத்தவர்கள் வேலம்மாவை நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். தீபாவளிக்கு அடுத்த வாரப் புதன் போனாள். அஷ்டமி என்றார். அடுத்த புதன் பௌர்ணமி, முதலாளி திருவண்ணாமலையில் கிரிவலம். அதற்கடுத்த புதன் தேய்பிறை அஷ்டமி. அதற்கும் அடுத்தது அமாவாசை, படையல் போட்டுக் காக்கைக்கு வைத்துவிட்டு அவர் கடைக்கு வர நண்பகல். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் வந்து உட்கார்ந்துகொண்டது. ராகு போன பிறகு மயிலாப்பூர் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர், விளக்கு வைத்த பிறகுதான் திரும்பினார். விளக்கு வைத்த பிறகு யாராவது பணம் கொடுப்பார்களா?

அன்று வீடு திரும்பியதும் வேலம்மா தினசரி காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த புதன் வளர்பிறை சப்தமி. சப்தமியில் குற்றம் சொல்ல அவராலும் முடியாது. எமகண்டம் ஒன்பது மணிக்கு முடிகிறது. குளிகை பத்தரைக்குத் தொடங்குகிறது. குளிகையில் எதைச் செய்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அந்த நேரத்தில் கல்லாவைத் திறக்கச் சொன்னால் மனுஷன் அலறிவிடுவார். கடை திறப்பது ஒன்பதரை. ஆக, ஒரே ஒரு மணி நேரம். அதை விட்டால் இன்னும் ஒரு வாரம், இன்னும் ஏழு நாள் கதவில் காது.

ஒன்பது இருபதுக்கே சந்தில் போய் நின்றாள். ஷட்டர் ஏறியது. ஊதுவத்தி ஏற்றி, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்த முதலாளி அவளைப் பார்த்ததும் பின்னால் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் முகம் கொஞ்சம் வாடியது.

"சப்தமி மொதலாளி," என்றாள் வேலம்மா.

"தெரியுது, தெரியுது. போணி ஆவட்டும்மா. போணி ஆவறதுக்கு முன்ன கல்லாவுலேர்ந்து காசு எடுக்கச் சொல்றியா?"

முதல் வியாபாரம் ஆகாமல் எந்தக் கடைக்காரரும் கையை நீட்ட மாட்டார். இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. உட்கார்ந்தாள். தீபாவளி முடிந்து கடைத்தெருவே ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம். ஒன்பதே முக்கால் ஆயிற்று, பத்து ஆயிற்று. ஒரு அம்மாள் வந்து பதினாலு சேலையைப் பிரிக்கச் சொல்லி, பதினாலையும் தடவிப் பார்த்து, வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போனாள். வேலம்மாவுக்கு அவளை ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வரலாம் போலிருந்தது. முதலாளியோ நிதானமாக விசிறிக்கொண்டார். மணி பத்து பத்து. இன்றைக்கும் வெறுங்கைதான்.

பர்ஸைத் திறந்து பார்த்தாள். நாற்பது ரூபாய் இருந்தது.

எழுந்து போய் கல்லாவுக்கு முன்னால் நின்றாள். "ஒரு ஃபால்ஸ் குடுங்க மொதலாளி. வாடாமல்லி கலர்."

"இன்னாது?"

"ஃபால்ஸு. முப்பத்தஞ்சு ரூபாதானே? பில்லு போடுங்க."

வாழ்நாளில் ஆயிரக்கணக்கான ஃபால்ஸ் அடித்தவள், காசு கொடுத்து ஒன்று வாங்குவது அதுதான் முதல் தடவை. முதலாளி அந்த நாற்பது ரூபாயைப் பார்த்தார். தேடி வந்த போணியை வேண்டாம் என்று தள்ளினால் அன்றைக்குக் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். அவர் கை அவரைக் கேட்காமலே நீண்டது. நோட்டுகளை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றி, கல்லாவில் போட்டு, ஐந்து ரூபாய் மீதியும் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

"போணி ஆச்சு," என்றாள் வேலம்மா. "இன்னிக்குப் புதன். வளர்பிறை. அஷ்டமி இல்ல, ராகு இல்ல, எமகண்டம் போயாச்சு. குளிகைக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம் கீது. இப்பக் குடுத்தா ஒரு தபாதான் குடுக்கணும். பத்தரைக்கு மேல குடுத்தீங்கன்னா குடுத்துக்கினே இருக்கணும். வர்ற திங்கக்கெழம விசாரணையில லேபர் ஆபீசரம்மா கேப்பாங்க, அதயும் நெனச்சுக்கோங்க."

முதலாளி காலண்டரை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார். போணி பண்ணின கை மனம் நொந்து போகக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தானே!

"வவுச்சர் எழுதணுமே..." என்று இழுத்தார்.

மூலையிலிருந்து வைதேகி மாமி ஒரு காகிதத்தை நீட்டினாள். "மூணு மாசமா எழுதி வெச்சுண்டு உக்காந்திண்டிருக்கேன் சார். ஸ்டாம்புகூட ஒட்டியாச்சு. தேதி மட்டும்தான் பாக்கி. நேத்துக் கலெக்‌ஷன் ஆத்துக்கு எடுத்துண்டு போகாம உள்ளேதான் இருக்கு."

மாமியை அவர் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றி எரியும். மாமி மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். கடிகாரம் பத்து பதினெட்டு காட்டியது. முதலாளி அவசர அவசரமாக ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணித் தள்ளினார். அறுபத்தாறு தாள்.

வேலம்மா அவசரப்படவில்லை. விரலை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். நாற்பத்தொன்றில் நிறுத்தி, ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"சீக்கிரம் எண்ணும்மா, குளிகை வந்துடும்!" கெஞ்சினார் முதலாளி. அவருக்கு நிஜமாகவே வியர்த்திருந்தது.

ஆறு மாதம் அவள் இவருக்காகக் காத்திருந்தாள். இவர் அவளுக்காக நாலு நிமிடம் காத்திருக்கட்டும். மீதியையும் எண்ணி, வவுச்சரில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது பத்து இருபத்தாறு. முதலாளி பெருமூச்சு விட்டார்.

"போறேன் மொதலாளி."

"ஐயோ, போணி பண்ண வாயால போறேன்னு சொல்லாதம்மா. வரேன்னு சொல்லு."

"அதுக்கு நல்ல நாளா பாத்துக்கினு சொல்றேன்," என்றாள் வேலம்மா. மாமி சிரிப்பை அடக்க முடியாமல் லெட்ஜருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பணத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கிண்டி தாண்டும் வரை முந்தானையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அப்புறம் மெதுவாகத் தோள் இறங்கியது, கழுத்து இறங்கியது. இத்தனை நாள் தோளைத் தூக்கியே வைத்திருந்தோம் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. வேளச்சேரியில் காற்று முகத்தில் அடித்தபோது வாய் தானாகச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

மாடி ஏறினதும் தன் வீட்டைத் திறக்கவில்லை. நேராக எதிர்க் கதவைத் தட்டினாள். அன்வரி பேகம் வியாபாரம் முடித்து வந்து, ஈரக் கையோடு, பாத்திரம் தேய்த்த நாருடன் கதவைத் திறந்தாள். வேலம்மா ஜாக்கெட்டுக்குள் இருந்த பணத்தை எடுத்தாள். பதினெட்டாயிரத்தை எண்ணி நீட்டினாள்.

"குடுத்துட்டான்க்கா."

அன்வரி கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எண்ணிப் பார்க்கவில்லை. அலமாரித் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"சரி, பணம் வந்துடுச்சு. அஞ்சு மாசமா என் மூஞ்சியப் பாத்து நீ சிரிக்கலயே வேலு, அத எப்ப குடுப்ப? நீ கதவுக்கு அந்தாண்ட நின்னு மூச்சு வுடறது எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? நான் உள்ள போய்ட்டாதான் நீ வெளில வருவன்னு, தெனம் பாத்திரத்த உருட்டிக்கினு உள்ள போவேன்."

வேலம்மா சிரிக்கத்தான் நினைத்தாள். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. நிலையைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் வரை கேட்கும்படி அழுதாள்.

"சரி, சரி, தவணையில குடு," என்றாள் அன்வரி, அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து. "மொதல்ல உக்காந்து துன்னு. காலைலேர்ந்து எதுவும் துன்னுருக்க மாட்ட."

மூன்று ஆப்பம் மிச்சம் இருந்தது. மூன்றையும் வேலம்மா சாப்பிட்டாள்.