ஏழாம் நம்பர் டோக்கன்

ஏர்வாடிப் பக்கத்து உப்பள வேலையை விட்டு நின்ற அன்று, மாமியார் தன் ஏழாம் நம்பர் டோக்கனை மூத்த மருமகள் உமையாளுக்குத் தரவில்லை. இளையவள் கலைச்செல்வியின் கையில் வைத்துவிட்டாள். பதினோரு வருஷம் கழித்தும் உமையாளுக்கு அதை நினைத்தால் வயிறு எரியும். டோக்கன் என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளை வில்லை, அவ்வளவுதான். ஆனால் சின்ன நம்பர்காரிகளுக்கு, உப்பைக் குவிக்கிற அம்பாரத்தை ஒட்டின முதல் வரிசைப் பாத்தி. உமையாளின் நம்பர் அறுபத்து மூன்று, கடைசி வரிசை. அவள் ஒரு கூடை உப்பைச் சுமந்து வந்து கொட்டுவதற்குள் கலைச்செல்வி மூன்று கொட்டிவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருப்பாள்.

இந்தச் சித்திரையில் கேட்டில் விரல் வைக்கிற மெஷின் வந்தது. அதுவரை கேட்டில் காட்டி உள்ளே போன டோக்கனுக்கு வேலை இல்லை. பாத்தி வரிசை மட்டும் பழைய நம்பர்படியே நின்றது. ஆளாளுக்கு வீசப்போன டோக்கனையெல்லாம் கலைச்செல்வி கேட்டு வாங்கினாள். சனியன் தொலைந்தது என்று உமையாளும் கொடுத்தாள்.

உப்பு தின்ற பித்தளை ஒரே நிறமாக இருக்காது. பச்சை, கருப்பு, செம்பழுப்பு. கலைச்செல்வி அதை நாள்கணக்கில் நிறம் பிரித்தாள். பலகையில் கம்பி கொண்டு கட்டி, ஆள் நீளத்துக்கு ஒரு மீன் செய்துவிட்டாள். அத்தனை டோக்கனும் செதில். கண்ணுக்கு ஏழாம் நம்பர். ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்திலிருந்து ஒரு காலேஜ் டீச்சர் காரில் வந்து, கண்காட்சிக்கு வேண்டுமென்று போட்டோ எடுத்தாள்.

"என் நம்பரு எங்கனடி?" என்றாள் உமையாள்.

"வால்ல இருக்குக்கா. கடேசிச் செதிலு."

"இங்கனயும் என்னையக் கடேசியிலதான் போட்டியாக்கும்?"

கலைச்செல்வி சிரித்தாள். "உங்களுது மாதிரி பச்சை யாருதுலயும் ஏறலக்கா. வாலுக்கு அந்தப் பச்சைதான் எடுப்பா இருக்கு."

அவள் டீச்சரைக் கார்வரை வழியனுப்பப் போனாள். உமையாள் கம்பியைப் பல்லால் கடித்து முறுக்கைப் பிரித்து, ஏழாம் நம்பரை உருவி மடியில் சொருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை மெஷின் உமையாளின் விரலை எடுக்கவில்லை. உப்பில் ரேகை தேய்ந்த கை. சேலையில் துடைத்து வைத்தாள். எச்சில் தொட்டு வைத்தாள். மெஷினோடு வேலைக்கு வந்த புது சூப்பர்வைசர் தவ்ஃபீக்குக்கு ஆட்களின் அடையாளம் இன்னும் பிடிபடவில்லை.

"பழைய டோக்கன் இருக்காக்கா? அந்த நம்பர நோட்டுல எழுதிக்கிட்டு உள்ள விடுறேன். இல்லாட்டி இன்னைக்கு வீட்டுக்குப் போங்க."

பின்னால் முப்பது பொம்பளைகள் நின்றார்கள், கலைச்செல்வியும். மடியில் இருப்பதை எடுத்தால் திருட்டு வெளிச்சமாகிவிடும். எடுக்காவிட்டால் ஒரு நாள் வேலை போய்விடும். உமையாள் இரண்டையும் நினைக்கவில்லை. முதல் வரிசையைத்தான் நினைத்தாள். எடுத்து நீட்டினாள்.

"ஏழு. முத வரிசைக்குப் போங்க."

"மீனோட கண்ணையா புடுங்குனீக, அக்கா?" கலைச்செல்வி அவ்வளவுதான் கேட்டாள்.

"மூத்தவ நானு. எனக்கு வரவேண்டியது அது."

அங்கிருந்து அம்பாரம் இருபது எட்டு நடைதான். உமையாள் கூடையை நிரப்பி, தலையில் சும்மாடு வைத்துக் குனிந்தாள். நிறை கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. பக்கத்தில் நிற்பவள் ஒரு கை தூக்கிவிட வேண்டும்.

"ஏ, யாராச்சும் ஒரு கை புடிங்கடி."

ஒருத்தியும் திரும்பவில்லை. கடைசி வரிசைக்குப் போன கலைச்செல்வி வாயைத் திறக்குமுன் அவள் கூடைக்கு இரண்டு பேர் ஓடினார்கள். அதையும் பார்த்துக்கொண்டு நின்ற உமையாள், பாதி உப்பைக் கீழே தள்ளிவிட்டு, மிச்சத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.